இஞ்சின் தொரையின் கன்னெல்

எழுபதுகளின் நடுவில் ஏற்காடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தேன். எக்ஸ்சேஞ்ச் என்று பெயர்தான் பெரிது. தபால் ஆபீஸின் பின்பக்கத்தில் ஓர் அறை, ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு, அதில் வரிசையாகத் துளைகள், சொருகி எடுக்க ஒயர்கள், காதில் மாட்ட ஒரு ஹெட்செட், அவ்வளவுதான். சீசன் மாதங்களில் மூச்சுவிட நேரம் இருக்காது. மற்ற நாட்களில் சேலம் எக்ஸ்சேஞ்சுப் பெண்களிடம், கீழே வெயில் எப்படி, மேலே பனி எப்படி என்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்போம்.

என் அப்பாவும் அம்மாவும் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்கள். அந்த எஸ்டேட்டில்தான் இஞ்சின் தொரை இருந்தார். தொரை என்று கூப்பிட்டார்களே தவிர அவர் முதலாளி இல்லை, மேனேஜரும் இல்லை. டீசல் இஞ்சினையும், காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் மெஷினையும் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டர். வெள்ளைக்காரர் என்பதால் பெயரோடு தொரை ஒட்டிக்கொண்டது. காக்கி அரைக்கால் சட்டை போட்டிருப்பார், விரல் நகங்களில் எப்போதும் கிரீஸ் கறுப்பு. தமிழை எங்கள் ஆட்களிடமே கற்றவர், ஆகவே எங்களைப் போலவேதான் பேசுவார். என் அம்மாவோடு பழம் பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டவர். அந்த அத்தையை எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அவரை நான் இங்கிலீஷ்காரர் என்றுதான் நினைத்திருந்தேன். வெள்ளையாக இருப்பவரெல்லாம் இங்கிலீஷ்காரர் என்று நினைத்த காலம்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஜூன் மாதத்தில் ஒரு நாள், கோணிச்சாக்கில் சுற்றிய பலகை போன்ற ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் கவுண்டருக்கு வந்தார்.

"ஏனுங்க கண்ணு, ஸ்வீடனுக்கு ஒரு டிரங்க் கால் போடோணும்."

"ஸ்வீடனுங்களா? அது எங்கிங்க இருக்குது?"

"நொம்பத் தூரமுங்க. நீங்க பம்பாயக் கேளுங்க, அவிய போட்டுக் குடுப்பாங்க."

வெளிநாட்டுக்கு நான் போட்ட முதல் கால் அதுதான். சேலத்தைக் கேட்டு, சேலம் மெட்ராஸைக் கேட்டு, மெட்ராஸ் பம்பாயைக் கேட்டு, பம்பாய் "காத்திருக்கவும்" என்றது. அவர் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார். வெளியே மழை மேகம் தரையோடு தரையாக நகர்ந்துகொண்டிருந்தது. நடுநடுவே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து 'டிங்' என்று ஒரு கம்பி ஒலி, கொஞ்சம் கழித்து அதே ஒலி சற்று ஏறி. என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்க்க ஆசையாக இருந்தது, போர்டை விட்டு எழுந்திருக்க முடியாது.

மத்தியானத்துக்கு மேல் லைன் கிடைத்தது. அவர் பூத்துக்குள் போனார், கோணிச்சாக்கும் உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் பம்பாய் ஆபரேட்டர் என்னை இங்கிலீஷில் கூப்பிட்டாள்.

"ஏற்காடு, உங்க பக்கம் என்ன சத்தம்? லைன்ல கோளாறா?"

சத்தம் வந்தால் லைனைச் சோதிக்க வேண்டியது என் வேலை. கீயைத் தள்ளிக் கேட்டேன். கோளாறு இல்லை, யாரோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். வீணை போல இருந்தது, ஆனால் வீணையின் கனம் இல்லை. மணிகளைக் கோத்துக் குலுக்கியதுபோல ஒலிகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தன. சட்டென்று அந்தக் கோடியிலிருந்து ஒரு பெண்குரல், "எய், எய்!" என்று அதட்டியது. வாசிப்பு நின்றது. "எய்!" என்று இவரும் திருப்பிக் கத்தினார். அந்தம்மா தானே பாடிக் காட்டினார். இவர் மறுபடி வாசித்தார். மறுபடியும் "எய்!"

"அது சங்கீதம்," என்றேன் பம்பாயிடம்.

"ஓ," என்றாள் அவள். அப்புறம் லைனை விட்டு அவளும் போகவில்லை என்பது அவள் மூச்சுச் சத்தத்தில் தெரிந்தது.

கால் முடிந்து வெளியே வந்தவரிடம் கேட்டுவிட்டேன். "ஏனுங்க தொரை, அந்தப் பக்கம் பேசுனது ஆருங்க?"

"என்ற தங்கச்சிங்க."

"கூடப் பொறந்தவங்களப் போயி ஏய், ஏய்ன்னு சத்தம் போடறீங்களே, அது நல்லாவா இருக்குது?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எங்க பாஷையில 'எய்'ன்னா இல்லைங்கறதுங்க கண்ணு. நான் வாசிக்கறது எங்கப்பன் வாசிச்ச மாதிரி இல்லைங்கறா அவ. அவ பாடறது இல்லைங்கறேன் நானு."

பிறகு கோணியைப் பிரித்துக் காட்டினார். ஒரு முழ நீளத்துக்கும் மேலான மரப்பெட்டி, ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல், மேலே விசிறி போல விரிந்த கம்பிகள். அதன் பெயர் கன்னெல் என்றார்.

"கன்னலா? எங்க தமிழ்ப் புத்தகத்துல கன்னல்ன்னா கரும்புங்க."

அது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அடுத்த வாரமே ஊர் நடுவிலுள்ள ஒண்டிக்கடை முக்கில் யாரோ, "தொரைங்க வாசிக்கற அந்தக் கரும்புப் பொட்டி" என்று சொல்லிக்கொண்டு போனதை என் காதால் கேட்டேன்.

அவருடைய கதையை அதன்பின் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன். லீவு நாளில் நாகலூர் போனால் அவர் வீட்டுக்கும் ஒரு நடை போவேன். அத்தை காப்பி போட்டுத் தருவார், நான் கேள்வி கேட்பேன், தொரை இஞ்சின் பாகம் எதையாவது மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டே பதில் சொல்வார்.

அவருடைய நாடு எஸ்தோனியா. ஒரு குளிர்க்கடலின் ஓரத்தில் இருக்கும் சின்ன நாடு, அதிலும் அவருடைய ஊர் ஒரு தீவு. அப்பா அந்தத் தீவில் கல்யாணங்களுக்குக் கன்னெல் வாசித்தவர். இவர் கப்பலில் எண்ணெய் போடும் வேலைக்குச் சேர்ந்து ஊர் ஊராகப் போனார். கப்பல் மெட்ராஸில் நின்றபோதுதான், அவருடைய நாட்டைப் பெரிய நாடு ஒன்று எடுத்துக்கொண்டுவிட்டது என்ற செய்தி வந்தது. கையிலிருந்த பாஸ்போர்ட் இல்லாத நாட்டின் பாஸ்போர்ட் ஆகிவிட்டது. யுத்தம் வேறு நடந்துகொண்டிருந்தது. துறைமுகத்தில் கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர், மலையில் இஞ்சினுக்கு ஆள் வேண்டும் என்று யாரோ சொல்லக் கேட்டு வந்தார்.

"குளுருன்னு சொன்னாங்க, வந்துட்டேன். இதெல்லாம் ஒரு குளுருங்களா?" என்பார். எங்களுக்குப் பல் கிட்டும் மார்கழியில் அரைக்கால் சட்டையோடுதான் திரிவார்.

அந்தக் கன்னெல் அவர் ஊரிலிருந்து வந்ததில்லை. இங்கே அவரே செய்தது. காப்பிச் செடிகளுக்கு நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரம் ஒன்று காற்றில் விழுந்தபோது அதிலிருந்து பலகை எடுத்திருக்கிறார். கம்பியை முறுக்கும் முளைகள் காப்பிக் கட்டையில் கடைந்தவை. கம்பி சேலத்தில் வாங்கியது. அப்பாவின் கன்னெலைக் கண்ணை மூடி நினைத்துக்கொண்டு, பென்சிலால் பலகையில் கோடு போட்டாராம்.

தங்கை யுத்தத்தின் கடைசியில் மீன்பிடிப் படகில் கடலைக் கடந்து ஸ்வீடனுக்குத் தப்பியவர். மாலுமிகள் தங்கும் விடுதிகளுக்கெல்லாம் வருஷக்கணக்கில் எழுதி விசாரித்து அண்ணனைக் கண்டுபிடித்திருந்தார். அந்தம்மாவுக்கு ஒரே நோக்கம். தீவை விட்டு ஓடிவந்து ஸ்வீடன், கனடா என்று சிதறிக் கிடந்தவர்களைத் தேடிப் போய், அவர்களுக்கு நினைவிருக்கும் பாட்டுகளையும் வாத்திய மெட்டுகளையும் டேப்பில் பிடித்துக்கொண்டிருந்தார். பெரிய நாட்டின் பிடியில் இருந்த தீவுக்குள்ளே யார் எதை மறந்தார்கள், யார் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அப்போது வழியில்லை. அப்பாவின் கல்யாண மெட்டுகளைக் கையால் பழகியது அண்ணன் ஒருவர்தான். வார்த்தைகள் தங்கையிடம் இருந்தன, மெட்டுகள் இங்கே எங்கள் மலையில் இருந்தன.

எனக்கு இது ஆச்சரியமாக இருந்தது. பள்ளிக்கூட அட்லஸை வாங்கிவந்து தேடினேன். எஸ்தோனியா என்று எழுத்தே இல்லை, பெரிய நாட்டின் நிறம் கடல்வரை போயிருந்தது. அவரிடம் காட்டினேன். கழுவிக்கொண்டிருந்த கையைத் துடைத்துவிட்டு, கடலோரத்தில் நகத்தால் அழுத்தி ஒரு தடம் வைத்தார். மேப்பில் இல்லாத ஒரு இடத்தின் மெட்டு இப்படியா அப்படியா என்று இரண்டு பேர் பம்பாய் வழியாகச் சண்டை போடுகிறார்களே, யாருக்காக? கேட்கவும் கேட்டேன்.

"அவளுக்குன்னா ஆயிரம் காரணம் இருக்குதுங்க," என்றார். "எனக்கு ஒண்ணுதான். அவ சொல்றது தப்பு."

ஒவ்வொரு ஜூனிலும், அவர்கள் ஊரில் நெருப்பு மூட்டிக் கொண்டாடும் பண்டிகை நாளில், அவர் அந்த டிரங்க் கால் போட வருவார். மழையில் சில வருஷம் லைனே கிடைக்காது. கிடைத்த வருஷங்களில் மெட்ராஸ் பெண்ணும் பம்பாய்ப் பெண்ணும், "ஏற்காடு, இன்னைக்கு மியூசிக் உண்டா?" என்று கேட்கும் அளவுக்குப் பழகிவிட்டார்கள். சண்டை பெரும்பாலும் ஒரே மெட்டைப் பற்றித்தான். பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு வண்டியில் ஏற்றும்போது வாசிக்கும் மெட்டு. முதல் பாதியில் இருவருக்கும் தகராறு இல்லை. பின்பாதியில் தங்கை ஒரு இடத்தில் மேலே ஏறுவார், அண்ணன் ஏறமாட்டார்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு தை மாதம், அந்தத் தங்கை நேரிலேயே வந்துவிட்டார்.

அவரை அழைத்துவர இஞ்சின் தொரையும் அத்தையும் ஒண்டிக்கடைக்கு வந்து நின்றார்கள். எனக்கு அன்று காலை ஷிஃப்ட் இல்லை, நானும் போய் நின்றேன். அடிவாரத்திலிருந்து வளைவு வளைவாக ஏறிவந்ததில் அந்தம்மாவின் முகம் வெளுத்திருந்தது. ஒல்லியான உருவம், நரைத்த குட்டை முடி, தோளில் ஒரு தோல் பெட்டி. அதை யாரிடமும் கொடுக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, டேப் ரிக்கார்டர்.

சின்ன வயதில் பிரிந்தவர்கள் கிழவனும் கிழவியுமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். கட்டிக்கொண்டு அழுவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். அவர்கள் இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்தம்மா என்னவோ சொன்னார், இவர் மூக்கைத் தொட்டுக்கொண்டார்.

"என்னங்கத்தே சொன்னாங்க?" என்றேன் அத்தையிடம். இத்தனை வருஷத்தில் அவருக்கு அந்த பாஷை கொஞ்சம் புரியும்.

"மூக்கு அப்பனாட்டவே ஆயிருச்சுங்கறாங்க கண்ணு."

அண்ணியும் நாத்தனாரும் பேசிக்கொள்ளத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அண்ணன் மொழிபெயர்க்கலாமே என்றால், அவர் தனக்குப் பிடிக்காததையெல்லாம் விட்டுவிட்டுச் சொல்கிறார் என்று இரண்டு பேருமே சந்தேகப்பட்டார்கள். அந்தம்மாவுக்கு இங்கிலீஷ் ஓரளவு வரும், எனக்கு டெலிபோன் இங்கிலீஷ் வரும். லீவு போட்டுவிட்டு நாகலூர் போனேன்.

பழம் பறிக்கும் காலம் அது. காலையில் ரிக்கார்டரை மேஜையில் வைத்து, மைக்கைத் துண்டு மேல் நிறுத்தி, அண்ணனை வாசிக்கச் சொல்வார். ஆரம்பித்ததும் கோழி கூவும், இல்லாவிட்டால் பறிக்கப் போகும் பெண்கள் ரோட்டிலிருந்து, "தொரைங்க ஊட்டுல என்ன விசேஷம்?" என்று கத்துவார்கள். மத்தியானத்துக்கு மேல் பல்பர் ஓடத் தொடங்கிவிடும். முதல் இரண்டு நாள் அந்தம்மா தலையில் கை வைத்துக்கொண்டு டேப்பைப் பின்னால் சுற்றிச் சுற்றி எடுத்தார். அதற்கப்புறம் விட்டுவிட்டார். "இருக்கட்டும்," என்றார் என்னிடம். "இது எங்கே வாசித்தது என்று கேட்பவர்களுக்குத் தெரியட்டும்."

அப்பாவின் மெட்டுகள் ஒவ்வொன்றாக டேப்பில் ஏறின. விருந்தாளி வரும்போது வாசிப்பது, பந்தியில் வாசிப்பது, பாதத்தைத் தரையோடு தேய்த்து ஆடும் ஓர் ஆட்டத்துக்கு வாசிப்பது. அதற்குத் தாளம் காட்ட அந்தம்மா செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து ஆடியே காட்டினார். அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார், பிறகு கூட ஆடினார். நான் அப்படிச் சந்தோஷமாக யாரையும் பார்த்ததில்லை.

பிறகு அந்தக் கல்யாணப் பெண் மெட்டு வந்தது. போனில் நடந்த சண்டை நேரில் நடந்தது.

"எய்!" என்றார் தங்கை.

"எய்!" என்றார் அண்ணன்.

குரல் ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் அவர் கன்னெலை மேஜையில் வைத்துவிட்டு, இஞ்சின் ஷெட்டுக்குப் போய்விட்டார். அந்தம்மா ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என்னிடம் மெதுவாகச் சொன்னார். "படகில் ஏறியபோது எனக்குச் சின்ன வயது. நான்தான் தப்பாக நினைவு வைத்திருக்கிறேனோ என்னவோ. கேட்டுச் சொல்ல வேறு ஆள் இல்லையே."

அத்தை சமையலறை வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். உருவியபடியே அந்த மெட்டை முணுமுணுத்தார். வருஷக்கணக்காகக் காதில் விழுந்த மெட்டு, கை வேலை செய்யும்போது தானாக வருவதுதானே. முதல் பாதி போயிற்று. பின்பாதி வந்தது. அந்த இடத்தில் அவர் குரல் மேலே ஏறிற்று.

அந்தம்மா திரும்பினார். ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே போய்த் தரையில் உட்கார்ந்தார். அத்தை பயந்துபோய் நிறுத்திவிட்டார்.

"மறுபடி பாடச் சொல்றாங்கத்தே."

"அய்யோ, நானுங்களா? எனக்கென்ன பாட்டு தெரியும்?"

"இப்ப முணுமுணுத்தீங்களே, அதுதான்."

"அதா? அது இவரு வாசிக்கறதுதானே."

"இல்லீங்கத்தே, மாமா அந்த எடத்துல மேல போகமாட்டாங்க." அன்றுதான் முதன்முதலாக அவரை மாமா என்றேன்.

அத்தை கீரைக்காம்பைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு, இதிலென்ன இருக்கிறது என்பதுபோலச் சொன்னார். "மொதல்ல போவாருங்க. பொட்டி செஞ்ச புதுசுல இப்படித்தான் வாசிப்பாரு. அப்பறம் இஞ்சின் பெல்ட்டுல சுண்டுவெரலு மாட்டி நசுங்கிப்போச்சில்ல, ஆறுனதுக்கப்புறம் அந்த ஏத்தம் வரலை."

நான் அதை இங்கிலீஷில் சொல்லி முடித்ததும் அந்தம்மா ரிக்கார்டரை ஓடவிட்டார், அத்தை இன்னொரு தடவை பாடினார்.

சாயங்காலம் அவர் வந்தபோது தங்கை டேப்பைப் போட்டார். மனைவியின் குரலைக் கேட்டுத் தொரை முதலில் சிரித்தார். ஏற்றம் வந்ததும் சிரிப்பு நின்றது. கன்னெலை எடுத்து மடியில் வைத்தார். முதல் பாதி வாசித்தார். அந்த இடம் வந்ததும் இடது கைச் சுண்டுவிரலைக் கம்பிக்கு நீட்டிப் பார்த்தார். அது மடங்கியே நின்றது, கம்பியை எட்டவில்லை. மறுபடி முயன்றார். விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இத்தன வருசமா ஏம்புள்ள சொல்லலை?" என்று மனைவியைக் கேட்டார்.

"நீங்க எப்பிடி வாசிச்சாலும் நல்லாத்தான் இருக்குதுங்க. அதுல சொல்றதுக்கு என்ன இருக்குது?"

தங்கை எழுந்து போய் அண்ணனின் அந்த விரலைப் பிடித்துக்கொண்டார். ஒண்டிக்கடையில் அழாதவர்கள் அன்று அழுதார்கள்.

ஆனால் விஷயம் அத்தோடு முடியவில்லை. அழுது முடித்ததும் தங்கை மூக்கைத் துடைத்துக்கொண்டு, அத்தை பாடிய ஏற்றம் தன்னுடைய ஏற்றம் இல்லை என்றார். தங்கை படிப்படியாக ஏறுவார், அத்தை வழுக்கிக்கொண்டு ஏறுகிறார். அத்தை பாடுவதில் நம் கும்மிப் பாட்டின் இழுப்பு இருந்தது எனக்குக் கேட்டது. அண்ணனோ, இரண்டும் இல்லை, அப்பா நடுவில் ஏதோ செய்வார், இப்போதுதான் நினைவு வருகிறது என்று தொடங்கினார். மறுபடி "எய்" கிளம்பிற்று. கடைசியில் மூன்று விதத்தையும் ஒன்றன் பின் ஒன்றாகப் பதிவு செய்துகொண்டு அந்தம்மா ஊருக்குப் போனார்.

தொரை எண்பதுகளின் கடைசியில் காலமானார். இஞ்சின் வேலையை விட்ட பிறகும் எஸ்டேட்டில் அந்த வீட்டை அவர்களுக்கே விட்டிருந்தார்கள். அவர் ஊர் மேப்பில் திரும்ப வந்ததை அவர் பார்க்கவில்லை. அந்தச் செய்தி எனக்குத்தான் முதலில் வந்தது. அதற்குள் எங்கள் போர்டு போய், ஆபரேட்டர் வேண்டாத போன் வந்து, என்னைக் கவுண்டருக்கு மாற்றியிருந்தார்கள். ஆபீஸ் போன் அடித்தது. "நான்தான், தங்கை," என்றது இங்கிலீஷில் ஒரு வயதான குரல். "எங்களுக்கு நாடு கிடைத்துவிட்டது. அண்ணியிடம் சொல்." நாகலூர் பஸ் பிடித்துப் போய்ச் சொன்னேன். அத்தை, "அந்தம்மிணி இனி ஊட்டுக்குப் போகலாமா?" என்றுதான் கேட்டார்.

போயிருந்தார். அந்த வயதில் ஸ்வீடனைக் காலி செய்துவிட்டுத் தீவுக்கே திரும்பி, டேப்புகளையெல்லாம் அங்கிருந்த ஒரு சங்கீதப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்திருக்கிறார். இது தெரியவந்தது, சில வருஷம் கழித்து அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து ஓர் இளம் ஆசிரியை ஏற்காட்டுக்கு வந்தபோது. வெளிநாட்டில் வாழ்ந்து மறைந்த தீவு வாத்தியக்காரர்களின் மிச்சங்களைத் தேடிச் சேகரிக்கும் வேலை அவளுடையது. கனடாவில் ஒரு கிழவரின் வீட்டுக்குப் போய்விட்டு, அடுத்து எங்கள் மலைக்கு வந்திருந்தாள். அந்தப் பெண்ணை அத்தையிடம் அழைத்துப் போனேன்.

அத்தைக்கு அப்போது கண் மங்கலாகியிருந்தது. கன்னெல் சுவரில் தொங்கியது. அந்தப் பெண் அதை இறக்கி, மரத்தைத் தட்டிப் பார்த்து, என்ன மரம் என்று கேட்டாள். சொன்னேன். பிறகு, எங்கள் பிள்ளைகள் இப்போது இதைப் பாடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, கல்யாணப் பெண் மெட்டைத் தானே பாடிக் காட்டினாள். பளிச்சென்ற குரல். பின்பாதிக்கு வந்தாள், அந்த இடத்தில் வழுக்கிக்கொண்டு மேலே ஏறினாள்.

நானும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"கண்ணு," என்றார் அத்தை தாழ்ந்த குரலில், "இது நம்மூரு இழுப்பு இல்லீங்களா?"

"ஆமாங்கத்தே."

"சொல்லிரு அந்தப் புள்ளைகிட்ட. தெரியாம பாடிட்டிருக்குது."

சொன்னேன். அந்தப் பெண் உடனே நம்பவில்லை. டேப்பில் பாடியவர் பெயர் இல்லையென்றும், தீவின் பழைய பாணி அதுதான் என்று தாங்கள் பாடம் எழுதிவைத்திருப்பதாகவும், மூன்று விதங்களில் அதுதான் மிகப் பழையதாகத் தோன்றியது என்றும் சொன்னாள். அத்தை பதிலுக்கு ஒரு கும்மிப் பாட்டின் இரண்டு வரியைப் பாடினார், அதே வழுக்கல். அந்தப் பெண்ணின் கண்கள் பெரிதாகின. பாயில் உட்கார்ந்து, மறுபடி, மறுபடி என்று பாடச் சொல்லிக் கேட்டாள். வெட்கப்பட்டாளா, சந்தோஷப்பட்டாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான், அவளுக்கு நூறு கேள்விகள் இருந்தன.

"இழுக்காம பாடிக் குடுக்கறேன், எடுத்துக்கச் சொல்லு," என்றார் அத்தை. "அது அவிய ஊட்டுப் பாட்டு. நம்ம சரக்கு அதுல எதுக்கு?"

முயன்றார். வழுக்கியது. திரும்பவும் முயன்றார். பாதிப் படி ஏறி அங்கிருந்து வழுக்கியது. எங்கள் மூவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அந்தச் சிரிப்பெல்லாம் அவளுடைய ரிக்கார்டரில் இருக்கிறது. கடைசியில் அந்தப் பெண் சொன்னாள், இழுப்பை எடுக்கப்போவதில்லை, ஆனால் அது யாருடையது என்று இனிமேல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன் என்று. அத்தைக்கு அது அரைமனதாகத்தான் இருந்தது.

கல்யாணப் பெண் வண்டி ஏறும்போது கூட என்னவெல்லாம் கொண்டுபோவாள், மாமியார் வீடு எவ்வளவு தூரம் இருக்கும், போகும்போது அழுவாளா என்று பிறகு அத்தை கேள்வி கேட்கத் தொடங்கினார். தொரையிடம் இதையெல்லாம் கேட்டதே இல்லையாம். தைத்த கையுறைகள் கொண்டுபோவாள், மாப்பிள்ளை வீட்டார் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும், அழாவிட்டால் ஊர் தப்பாகப் பேசும் என்றாள் அந்தப் பெண். "அழுகாட்டி இங்கயும் பேசுவாங்க," என்றார் அத்தை.

கன்னெலை அவள் கேட்கவில்லை. அளவெடுத்துக்கொள்ள மட்டும் அனுமதி கேட்டாள். அத்தைதான், "எடுத்துட்டே போகச் சொல்லு. இங்க இருந்தா வண்டு துளைச்சிரும், நான் போனா ஆரு பாக்கறது?" என்றார். அந்தப் பெண் வேண்டாம் என்று கைகூப்பியும் விடவில்லை. பழைய சேலை ஒன்றில் சுற்றி அவள் கையில் கொடுத்தார். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டே சேலம் பஸ்ஸில் போனாள்.

அடுத்த தடவை அவள் போன் செய்தது குளிர்காலத்தில். பள்ளிக்கூட அறையைச் சூடாக வைத்திருப்பதால் காற்று காய்ந்துபோய், சில்வர் ஓக் பலகை ஓரத்தில் கீறல் விட்டிருக்கிறது என்றாள். கம்பி ஒரு நாளுக்குமேல் சுதியில் நிற்கவில்லையாம். ஈர மலையில் இருந்த மரம், அதற்கு அந்த ஊர்க் காற்று ஒத்துக்கொள்ளவில்லை, என்ன செய்யலாம் என்று யோசிக்கிறோம் என்றாள்.

அந்த வாரமே போய் அத்தையிடம் சொன்னேன். அவர் கவலையோடு கேட்டுக்கொண்டார்.

"பக்கத்துல ஒரு சட்டியில தண்ணி வெக்கச் சொல்லு கண்ணு," என்றார். "வாசிக்காத நேரத்துல ஒரு ஈரத்துணிய மேல போத்தி வெக்கட்டும்."

நான் போன் போட்டுச் சொன்னேன். அங்கே ஏற்கெனவே தண்ணீர்ச் சட்டி வைத்துவிட்டார்களாம். ஈரத்துணி மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை, மரத்தின் மேலேயே போடலாமா, அருகில் தொங்கவிடலாமா என்று கேட்டாள். அதைக் கேட்டுவர நான் திரும்பவும் நாகலூர் பஸ் ஏறினேன்.